டோவர் துறைமுகத்துக்கு 5க்கு 4, கப்பலுக்கு 2

பாரிஸ் லாச்சப்பல் பிள்ளையார் தேருக்கு லண்டனிலிருந்து காரில் போகிற நம்மவர்கள், கப்பல் ஏறுகிற ஆங்கிலத் துறைமுக ஊரான டோவரில் நின்று பார்ப்பதில்லை. விடிய முதல் வெளிக்கிட்டு, வரிசையில் நின்று, கப்பல் ஏறி, பிரான்ஸ் கரையில் கலேயில் இறங்கினால் நேரே பாரிஸ்தான். நாங்களும் பல வருடமாக அப்படித்தான் போய் வந்தோம். இந்த முறை மாமிக்கு முழங்கால் வருத்தம். ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் காரில் இருக்க ஏலாது என்று முதல் நாளே டோவருக்குப் போய் ஓர் இரவு தங்கினோம். அதனால்தான் இந்த விமர்சனம் வழமையை விட நீளம்.

முதலில் துறைமுகத்தின் சேவை. பிரான்ஸ் எல்லைப் பொலிஸார் டோவரிலேயே இருந்து கடவுச்சீட்டுப் பார்க்கிறார்கள். அதைத் தாண்டிய பிறகுதான் கப்பல் கொம்பனியின் சாவடி. அங்கே மாமியின் காலைப் பற்றிச் சொன்னவுடன், கண்ணாடியில் தொங்கவிட ஓர் அட்டை தந்து, "நான்கு மூலை விளக்கையும் மின்னவிட்டபடி வரிசையில் நில்லுங்கள், உங்களைத் தனியாக ஏற்றுவார்கள்" என்றார்கள். மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் மழைத் தூறலில் ஓடிவந்து, எங்கள் காரை மட்டும் கைகாட்டி முன்னால் எடுத்தார். குனிந்து மாமியைப் பார்த்துச் சிரித்து, சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டார். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லொறி வரை கடக்கிற இடத்தில் ஒரு கிழவியின் காலுக்காக இப்படி ஓடி வந்தார்களே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

கப்பலில் அந்த நிறைவு நிற்கவில்லை. எந்தக் கொம்பனி என்று எழுதவில்லை, அவர்களுக்கு நேரே முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். கார்த் தட்டிலிருந்து மேலே போகிற மின்தூக்கி வேலை செய்யவில்லை. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். முதலே தெரிந்திருந்தால் அடுத்த கப்பலுக்கு நின்றிருப்போம். "தம்பி, மெதுவாப் போவம்" என்று சொல்லி மாமி கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினார். வேலை செய்கிற பெடியன் ஒருவன் கண்டு ஓடிவந்து மற்றக் கையைப் பிடித்தான். மேலே போய் அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் அது ஆறிப்போய் இருந்தது. நல்லகாலம், மனைவி புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் கலே. கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ள மறக்காதீர்கள்.

சரி, நான் எழுத வந்தது முதல் நாள் மாலையைப் பற்றி.

மாமியைச் சக்கர நாற்காலியில் இருத்தி, மேற்குத் துறைப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கிற கடற்கரை நடைபாதையில் தள்ளிக்கொண்டு போனோம். படகுகள் கட்டுகிற துறை வளைந்து கடலுக்குள் போகிறது. நாற்காலி எங்கும் தடக்கவில்லை, இருக்க வாங்குகளும் உண்டு. அங்கே ஒரு முதியவர் நாயோடு இருந்தார். முன்பு கப்பல்களில் பரிசாரகராக வேலை பார்த்தவராம். துறைமுகம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதும் கதைக்கத் தொடங்கிவிட்டார். "இதை விற்கப் பார்த்தார்கள், தெரியுமா? நான் எதிர்த்து வாக்குப் போட்டேன்" என்றார்.

எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். 1606இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கொடுத்த பட்டயத்தால் உருவானது டோவர் துறைமுகச் சபை. அதற்குப் பங்குதாரர் கிடையாது. கப்பலும் லொறியும் கட்டுகிற காசு திரும்பவும் துறைமுகத்துக்குள்ளேயே போகவேண்டும். 2010 ஜனவரியில் அந்தச் சபையே தன்னைத் தனியாருக்கு விற்க அனுமதி கேட்டு அரசுக்கு விண்ணப்பித்தது. புதிய முனையம் கட்டக் காசு வேண்டும், இப்போதைய அமைப்பில் கடன் எடுப்பதற்குக் கட்டுப்பாடு என்பது அவர்களின் நியாயம். அந்த நியாயத்தை நான் தள்ளிவிடவில்லை. கடன் எடுக்க முடியாத துறைமுகம் பின்தங்கிப் போகும்.

ஆனால் டோவர் இருக்கிற கென்ட் மாவட்டக்காரர்களுக்கு அடுத்த வீட்டுக் கதை ஒன்று நினைவிருந்தது. இதே மாவட்டத்தில் ஷீர்னெஸ் உள்ளிட்ட மெட்வே துறைமுகங்கள் 1992இல் ஏறத்தாழ 30 மில்லியன் பவுண்டுக்கு அதன் நிர்வாகத்தினருக்கே விற்கப்பட்டன. அடுத்த வருடமே 100 மில்லியனுக்கு மேல் கைமாறின. அந்த வித்தியாசம் ஊருக்கு வரவில்லை. அதனால் டோவரில் மக்கள் துறைமுக அறக்கட்டளை என்று ஒன்று தொடங்கி, 200 மில்லியன் பவுண்டுக்கு ஊரே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர் சார்லி எல்ஃபிக் அதற்காகப் பாடுபட்டார். போர்க்காலத்தில் டோவரின் வெள்ளைப் பாறைகளைப் பாடிய வேரா லின் அம்மையாரும் அவர்கள் பக்கம் நின்றார். 2011 மார்ச்சில் ஊர் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் தனியாருக்கு விற்கவேண்டாம், ஊருக்குத் தாருங்கள் என்றார்கள். சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாத வாக்கு. இருந்தும் போய்ப் போட்டார்கள். 2012 டிசெம்பரில் அரசு விற்பனையை நிராகரித்தது. சமூகத்தின் பங்கு போதாது என்பது அது சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று.

நான் உருட்டிப் போன அந்த நடைபாதை இருக்கிறதே, அது இந்த நிராகரிப்புக்குப் பிறகு வந்தது. மேற்குத் துறைப் புதுப்பிப்பு, சுமார் 250 மில்லியன் பவுண்ட் வேலை. சரக்கு முனையமும் படகுத் துறையும் எழும்பின. விற்காமலே எழும்பின. இந்த இடத்தில் நான் யாரோடும் வாதாட ஆயத்தம்.

யார் உரிமையாளர் என்பது பயணிக்கு ஏன் முக்கியம் என்று என் மச்சான் கேட்டான். 2022 மார்ச் 17ஐ நினைத்துப் பார் என்றேன். துபாய் நிறுவனத்துக்குச் சொந்தமான பி அன்ட் ஓ ஃபெரிஸ் என்ற கப்பல் கொம்பனி, ஏறத்தாழ 800 மாலுமிகளை முன்பே பதிவுசெய்த காணொளி ஒன்றினால் வேலையிலிருந்து நிறுத்தியது. டோவரிலும் எத்தனை வீடுகளில் அன்று அடுப்பு எரிந்திருக்காது! உரிமையாளர் தூரத்தில் இருந்தால் இப்படி ஒரு முடிவை எடுப்பது சுலபம். ஊர்க்காரரும் இருந்து பேசுகிற மேசையில் அவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டி வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குப் பக்கத்தில். அப்பா சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. பின்னேரம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கப்பல் காட்டுவார். 1990இல் இடம்பெயர்ந்தோம், துறைமுகம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அதன்பிறகு அந்தத் துறையைப் பற்றிச் செய்தியில்தான் வாசிக்கிறேன்: இந்தியா காசு தருகிறதாம், 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பல் வந்ததாம். வந்தது சந்தோசம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவரும் அயலூர்க்காரரான மயிலிட்டியாரிடமோ மாவிட்டபுரத்தாரிடமோ ஒரு வாக்குக் கேட்டதில்லை. டோவர் முதியவர் "நான் வாக்குப் போட்டேன்" என்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது அதனால்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் 5 இல்லை? விற்பனை நின்றது, ஆனால் துறைமுகம் ஊருக்குக் கிடைக்கவில்லை. மக்கள் கேட்டது இரண்டு, கிடைத்தது ஒன்று. அதன்பிறகு சபையில் சமூகத்தின் சார்பில் இயக்குநர்களைச் சேர்த்தார்கள். அது நல்லது, போதாது. கப்பல் ஏறுகிற கிழக்குத் துறையிலிருந்து பின்னால் திரும்பிப் பார்த்தால், லொறி வரிசை நிற்கிற வீதியோரத்தில் கடை பூட்டிய கட்டடங்கள் தெரியும். துறைமுகம் உழைக்கிற காசு இன்னும் கொஞ்சம் அந்த வீதியைக் கடந்து போகவேண்டும். அது நடந்தால் அந்த ஒரு புள்ளியையும் நானே கொடுப்பேன்.

போகிறவர்களுக்கு: முடிந்தால் முதல் நாள் மாலையே போங்கள். வயதானவர்கள் இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், சாவடியில் திரும்பவும் சொல்லுங்கள், கப்பலில் மின்தூக்கி வேலை செய்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்புறம் மணிக்கூட்டுக் கோபுரப் பக்கமாக இறங்கி அந்த வளைந்த நடைபாதையின் நுனிவரை போங்கள். மாமி அங்கே அரை மணி நேரம் இருந்தார். இருட்டிய பிறகு கலே பக்கம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. "அது பிரான்சோ தம்பி?" என்று கேட்டார். ஓம் மாமி என்றேன்.