தனி எஞ்சினா, முழு டோனர் காரா?

எஞ்சின் ஸ்வாப்புக்கு, அதாவது ஒரு கார்ல வேற எஞ்சினை மாத்தி வைக்கறதுக்கு, எஞ்சினை மட்டும் வாங்கி மத்ததை அங்கங்க தேடிச் சேக்கலாம், இல்ல அடிபட்ட காரையே டோனரா முழுசா வாங்கி எல்லாத்தையும் அதுலேருந்து கழட்டலாம். நான் ரெண்டும் பண்ணிட்டேன். இனிமே முழுக் கார்தான்.

தனி எஞ்சின் சீக்கிரம் கிடைக்கும், காசும் இடமும் கம்மி. மவுண்ட், எக்ஸாஸ்ட் எல்லாம் எப்படிப் போனாலும் நாமதான் வெல்டு அடிக்கணும், அதுல பெருசா வித்தியாசம் இல்ல.

உயிரை எடுக்கறது வயரிங்கும் ஈசியூவும்தான் (எஞ்சினை ஓட்டற கம்ப்யூட்டர்). என்னோடது ஜிஎம் எல்எஸ் வி8, கியர்பாக்ஸைச் சேக்கற பெல்ஹவுசிங் போல்ட்டெல்லாம் அழகா உக்காந்துச்சு, அதை நம்பி வேற வருஷத்து ஹார்னஸும் (வயர் கட்டு) ஈசியூவும் வாங்கி மாட்டிட்டேன், ஸ்டார்ட்டர் சுத்துது ஆனா ஸ்பார்க்கும் இல்ல இன்ஜெக்டரும் துடிக்கல. மூணு நாள் எர்த், ரிலே, ஃப்யூஸ்னு நோண்டினேன். கடைசியில ஸ்டார்ட்டரைக் கழட்டி பின்னாடி இருக்கற, கிராங்க் சுத்தறதைப் பாக்கற கிராங்க் சென்சாரை உருவினா சாம்பல் கலர். பழைய எல்எஸ்ல அது கருப்பு. பழசுல கிராங்க்ல இருக்கற ரிலக்டர் வீல் (அந்த சென்சார் படிக்கற பல் சக்கரம்) 24எக்ஸ், பின்னாடி வந்ததுல 58எக்ஸ், நான் வாங்கின, 24க்குப் பழகின ஈசியூவுக்கு 58 சிக்னல் புரியவே புரியாது. வீலை மாத்தணும்னா கிராங்க்கையே வெளிய எடுக்கணும். சிக்னலை மாத்திக் குடுக்கற பாக்ஸ் கிடைக்குது, ஆனா கேம் சென்சார் பழசுல பிளாக்குக்குப் பின்னாடி, புதுசுல முன்பக்க டைமிங் கவர்ல, நாக் சென்சாரும் (எஞ்சின் தட்டற சத்தத்தைப் பிடிக்கறது) இடம் மாறியிருக்கும், அதனால வயரை நீட்டியே ஆகணும். நான் பொருத்தமான ஈசியூ, ஹார்னஸ் ரெண்டையும் மறுபடி வாங்கினேன்.

டோனர் கார்ல இந்தப் பிரச்சினையே வராது. சென்சார், ஹார்னஸ், ஈசியூ, எலக்ட்ரானிக் த்ராட்டில்னா அதோட பெடல், இம்மொபிலைசருக்கு (வேற சாவி போட்டா ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) சாவி, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பழகினது. வண்டி ஸ்டார்ட் ஆகற நிலைல இருந்தா எஞ்சினை இறக்கறதுக்கு முன்னாடியே ஓடவிட்டு ஆயில் பிரஷர் பாத்துக்கலாம். கழட்டும்போது ஒவ்வொரு கனெக்டருக்கும் டேப் ஒட்டி பேர் எழுதிடுங்க, சின்ன பிராக்கெட்டைக்கூட தூக்கிப் போடாதீங்க. மிச்ச கதவு, சீட்டு வித்தா கொஞ்சம் காசு திரும்பும், எவ்வளவுங்கறது காரைப் பொறுத்தது.

கார்புரேட்டர் எஞ்சின்னா தனியா வாங்கறதே போதும், பெரும்பாலும் மேட்ச் பண்ண ஈசியூவே இருக்காது. டீசல் ஸ்வாப் நான் தொட்டதில்ல, அதுக்கு இதை அப்படியே எடுத்துக்காதீங்க.

டோனரோட சேஸிஸ் நம்பரை மட்டும் மறக்காம எழுதி வைங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு சென்சார் போனாலும் அந்த நம்பரைச் சொல்லியே சரியான பார்ட் வாங்கிடலாம்.