கீசர் வாங்கப் போகிறீர்களா? ஆனோடு கம்பியைக் கேளுங்கள்

பழைய கீசர் ஒழுகுகிறது, எதை வாங்கலாம் என்று நண்பர் கேட்டார். எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்பதையெல்லாம் அவரே பார்த்து வைத்திருக்கிறார். அதனால் என் வீட்டு 15 லிட்டர், 2000 வாட் கீசரைச் சில வருடம் ஓட்டிய பிறகு என் மனதில் நிற்கும் ஒன்றைச் சொல்கிறேன்: ஆனோடு கம்பி.

தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி அது. இரும்புத் தொட்டி அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாக இது கரைந்துபோகும். உள்ளே கண்ணாடிப் பூச்சு இருந்தாலும் அதில் விழும் நுண்ணிய விரிசல்களைக் காப்பது இதுதான். கம்பி தீர்ந்துவிட்டால் அடுத்து அரிப்பது தொட்டியைத்தான். தொட்டி ஓட்டையானால் கீசரையே மாற்ற வேண்டியதுதான்.

விற்றவரும் சொல்லவில்லை, மாட்ட வந்தவரும் சொல்லவில்லை. தண்ணீர் சூடாக நேரமாகிறதே என்று சமீபத்தில் கழற்றவைத்தேன். தண்ணீரைச் சூடாக்கும் சுருள் முழுக்க உப்பு, ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. விரல் தடிமனில் இருக்க வேண்டிய ஆனோடு அங்கங்கே கரைந்து, உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பி பல்லிளித்தது. சரி, மாற்றிவிடலாம் என்றால் அதைத் தனியாகக் கழற்ற வழியே இல்லை! தண்ணீரை வடித்து, அடித்தட்டு நட்டுகளை எல்லாம் கழற்றி, சுருளோடு சேர்த்து இறக்க வேண்டும். ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட வேண்டும். தேய்வதற்கென்றே வைத்த பாகத்தை இப்படியா பூட்டி வைப்பார்கள்?

மற்றபடி அருமையான கீசர், அதை மறைக்க முடியாது. இரவு சூடாக்கி அணைத்தால் காலையிலும் வெதுவெதுப்பு இருக்கிறது. தெர்மோஸ்டாட் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

புதிதை மாட்டுவதற்கு முன் 16 ஆம்ப் பாயின்ட்டும் எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மேல்தொட்டி உயரத்தில் இருந்தாலோ பிரஷர் பம்ப் இருந்தாலோ, கீசர் எத்தனை பார் (bar) தண்ணீர் அழுத்தம் தாங்கும் என்று கேளுங்கள். சேஃப்டி வால்வு இல்லாமல் மாட்டவே விடாதீர்கள். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் சுருள் கருகிவிடும். உப்புத் தண்ணீர் என்றால் 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், படிவு வேகமாக ஏறும்.

இத்தனை நல்லது சொன்னாலும் இதே மாடலை நான் மறுபடி வாங்க மாட்டேன். அடுத்தமுறை கடையில் என் முதல் கேள்வி, ஆனோடை எந்த வழியாகக் கழற்றுவது என்பதுதான்.