ஜூக்பாக்ஸ் செட் வாங்கி ஏமாந்த கதை: மரத்தை அறுக்கும் முன் திரையைச் சோதியுங்கள்

தொட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் ஒன்றை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். பணம் கொஞ்சம்தான். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினிப் பலகை ஒன்றும், பழைய ஸ்பீக்கர் ஜோடியும் சும்மா கிடந்தன. 5 அங்குல டச் ஸ்கிரீன், 64 ஜிபி பென் டிரைவ், அடாப்டர் மூன்றையும் செட்டாகத் தருவதாக ஆன்லைன் விற்பனையாளர் ஒருவர் சொன்னார். தளத்தில் கட்டாமல் நேரடியாகப் பணம் அனுப்பினால் தள்ளுபடியாம். அனுப்பினேன். முதல் முட்டாள்தனம்.

இரண்டாவது அதைவிடப் பெரியது. பார்சல் வந்ததும் திரையை மாட்டிப் பார்த்தேன். படம் தெரிந்தது. போதும் என்று அளவெடுத்து பிளைவுட் அறுக்க உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் அறுப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் வார்னிஷ் அடிப்பதுமாகப் போனது. பெட்டி அழகாக வந்தது, அதில் சந்தேகமில்லை. அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது.

விளம்பரத்தில் '1920 x 1080 ஆதரவு' என்று போட்டிருந்தார். அந்தத் திரையின் சொந்தப் புள்ளிகள் 800 x 480 மட்டுமே. பெரிய படத்தை அனுப்பினால் வாங்கிச் சுருக்கிக் காட்டும். அதற்குப் பெயர்தான் 'ஆதரவு'. ஆல்பம் அட்டை ஓரளவு தெரிகிறது, பாட்டின் பெயரைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். கேட்க வேண்டிய கேள்வி 'நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு?' என்பது மட்டுமே.

டச் விஷயத்தில் ஏமாற்று நேரடியானது. 'கெப்பாசிட்டிவ்தானே?' (செல்போன் திரை மாதிரி, லேசாகத் தொட்டாலே போதும்) என்று சாட்டில் கேட்டிருந்தேன். 'ஆமா சார், சூப்பரா டச் ஆகும்' என்று பதில் வந்தது. வந்ததோ ரெசிஸ்டிவ். விரலால் அழுத்தினால்தான் கேட்கும். செல்போனில் தள்ளுவதுபோல் பட்டியலைத் தள்ளினால் பாதியில் நின்று, வேண்டாத பாட்டு ஓட ஆரம்பிக்கும். வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்: பிளாஸ்டிக் பேனா மூடியால் அழுத்துங்கள். திரை அசைந்து கொடுத்தால் ரெசிஸ்டிவ். கெப்பாசிட்டிவ் திரை பேனா மூடியைச் சட்டையே செய்யாது.

இன்னொரு தலைவலியை நான் எதிர்பார்க்கவே இல்லை. இந்த வகைத் திரை, பையின் ஜிபிஐஓ பின்களில் (வெளிக்கருவிகளை மாட்டும் ஊசிகள்) முதல் 26-ஐ மூடிக்கொண்டு உட்காரும். டச் தகவல் அந்த வழியாகத்தான் போகிறது. பையின் 3.5 மி.மீ. ஜாக்கில் இரைச்சல் கேட்கும் என்பதால், அதே பின்களில் மாட்ட ஒரு டாக் போர்டு (டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான ஒலியாக மாற்றும் பலகை) எடுத்து வைத்திருந்தேன். அதற்கு இடமே இல்லை. கடைசியில் யுஎஸ்பி சவுண்ட் கார்டு தனியாக வாங்க வேண்டியதாயிற்று. சிக்கனம் பார்த்த லட்சணம் இது.

அடாப்டர் மேல் 5 வோல்ட், 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. திரையும் பையும் சேர்ந்து ஓடியதும் மூலையில் மின்னல் குறி எட்டிப் பார்த்தது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை காட்டும் எச்சரிக்கை அது. அச்சிட்டதை நம்பாதீர்கள், மின்னலை நம்புங்கள்.

பென் டிரைவ்தான் உச்சம். பாடல்களை எல்லாம் ஏற்றினேன், பெயர்கள் ஒன்றுவிடாமல் தெரிந்தன. ஆனால் முதல் 600 பாட்டுக்கு மேல் எதைத் தொட்டாலும் மௌனம். உள்ளே இருந்தது 8 ஜிபி சிப்; 64 என்று கணினியிடம் பொய் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். எழுதும்போது பிழைச் செய்தியே வராது, இடம் தீர்ந்தபின் போடுவதெல்லாம் காற்றில் போகும். நல்லவேளை, மூலப் பிரதிகளை நான் அழிக்கவில்லை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 — இரண்டும் டிரைவைச் சோதிக்கும் இலவச நிரல்கள். முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். நேரமாகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

விற்பனையாளரிடம் கேட்டேன். 'பேக்கிங் பிரிச்சிட்டீங்களே சார்' என்றார். பிரிக்காமல் எப்படி மாட்டுவது? அதன்பின் பதிலே இல்லை. பணம் நேரடியாகப் போனதால், தளத்தில் புகார் செய்ய ஆர்டர் எண்கூடக் கையில் இல்லை.

திரைக்கென்று அறுத்த ஓட்டைக்கு வேறு திரை பொருந்தாது, அதனால் அதுவே இருக்கிறது. பட்டியலைத் தள்ளுவதை விட்டுவிட்டு, அழுத்தப் பெரிய பட்டன்கள் வைத்தேன். பென் டிரைவை எஃப்3-ஓடு வரும் எஃப்3ஃபிக்ஸ் மூலம் உண்மையான அளவுக்குச் சுருக்கி, மேலே மார்க்கரால் '8' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.