பைல்ஸுக்கு ரப்பர் பேண்டா, ஆர்ட்டரி தையலா?

மூலத்துக்கு கத்தி வைக்காம வைத்தியம்னு கேட்டா முதல்ல சொல்றது ரப்பர் பேண்ட்தான். சின்ன குழாய் வழியா உள்மூலத்தோட அடியில ஒரு வளையத்த மாட்டி விட்டுருவாங்க, ரத்தம் போகாம அது வாடி ஒரு வாரம் பத்து நாள்ல தானா உதிர்ந்துடும். மயக்க மருந்தே வேணாம், ஏன்னா ஆசனவாய்க்குள்ள வலி தெரிய ஆரம்பிக்குற கோட்டுக்கு மேலதான் வளையம் உக்காரும். கொஞ்சம் கீழ இறங்கிடுச்சுன்னா போட்ட உடனே சுருக்குனு வலிக்கும், அப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, கழட்டிடுவாங்க, வெக்கப்பட்டு பல்லக் கடிச்சுட்டு வீட்டுக்கு வந்துடாதீங்க.

இன்னொன்னு டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்த சத்தமா கேட்க வைக்குற அல்ட்ராசவுண்ட் கருவி, வெச்சு பண்றது. மூலத்துக்கு ரத்தம் கொண்டு போற ஆர்ட்டரிய சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சு தையல் போட்டு கட்டிடுவாங்க. இதுக்கு ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்துன்னு செலவு ஜாஸ்தி.

பிரிட்டன்ல ஹப்பிள்னு ஒரு ட்ரையல்ல ரெண்டையும் ஒப்பிட்டு 2016ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல போட்டாங்க. ஒரு வருஷத்துல பேண்ட் போட்டவங்கள்ல 49% பேருக்கு திரும்ப வந்துச்சு, ஆர்ட்டரி கட்டினவங்கள்ல 30%. உடனே ஆர்ட்டரிதான் பெஸ்ட்னு தோணும், ஆனா பேண்டை இன்னொரு தடவையும் போட்டுக்கலாம்ல, அதையும் சேத்துக்கிட்டா பெரிய வித்தியாசம் இல்ல, ஆரம்ப நாள் வலியும் பேண்ட்லதான் கம்மி.

என்னைக் கேட்டா முதல்ல பேண்ட். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க மட்டும் முன்னாடியே சொல்லிடணும், வளையம் உதிரும்போது ரத்தம் கொட்டலாம்.