பழைய ஷெர்பா டி: இத்தனை வருடம் ஓட்டிய பிறகும் முன் பிரேக்தான் பிரச்சினை

நண்பர் ஒருவர் பழைய புல்டாகோ ஷெர்பா டி (பாறையிலும் சேற்றிலும் கால் ஊன்றாமல் ஓட்டும் டிரயல்ஸ் போட்டிக்கான ஸ்பெயின் நாட்டு மோட்டார் சைக்கிள்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். விற்பவர் விலையை இறக்கியிருக்கிறாராம், வாங்கலாமா என்று கேட்டார். என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான், எழுபதுகளின் 250 சி.சி. ரகம். யார்க்‌ஷயர் டேல்ஸ் (வட இங்கிலாந்தின் மலைப்பகுதி) பக்கம் நடக்கும் ட்வின்ஷாக் போட்டிகளில், அதாவது பின்னால் இரண்டு ஷாக் உள்ள பழைய டிரயல்ஸ் வண்டிகளுக்கான போட்டிகளில், பல வருடமாக ஓட்டுகிறேன். அவர் கேட்ட நேரத்தில் என் வண்டியின் முன் சக்கரம் கழன்று மேசைமேல் கிடந்தது. பிரேக் ஷூ, திரும்பவும். அதனால் முதலில் பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

டிரயல்ஸில் போவதே நடை வேகத்தில்தான், அதில் பிரேக்குக்கு என்ன வேலை என்று புதியவர்கள் கேட்பார்கள். பழைய வண்டிப் போட்டிகளில் பெரும்பாலும் நிற்காமல் ஓட்டும் விதி. ஒரு செக்‌ஷனுக்குள் (கொடிகளால் எல்லை குறித்த ஒரு தடத்துண்டு) கால் ஒரு தடவை தரையில் பட்டால் 1 தண்டப் புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை பட்டாலும் 3. வண்டி நின்றுவிட்டால் 5. ஆக, செங்குத்தான ஈரப் பாறையில் இறங்கும்போது வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்த வேண்டும், நிறுத்திவிடவும் கூடாது. கொஞ்சம் கூடப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். குறைத்துப் பிடித்தால் கீழே திருப்பத்தில் வண்டி ஒதுங்கிப்போய் கொடியைத் தாண்டிவிடும். ஒரு விரலின் அழுத்தத்துக்குப் பதில் சொல்லும் பிரேக் வேண்டிய இடம் அது. என் வண்டியின் டிரம் பிரேக்கை நான் நான்கு விரலும் போட்டு இழுக்கிறேன். நான்கும் லீவருக்குப் போய்விட்டால் ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கட்டைவிரல்தான் மிச்சம்.

இது காய்ந்த நாளின் கதை. டேல்ஸில் பாதி செக்‌ஷன்கள் ஓடைக்குள் போகின்றன. டிஸ்க் என்றால் பட்ட தண்ணீரை பேடு உடனே வழித்துத் தள்ளிவிடும். டிரம் மூடிய பெட்டி. உள்ளே புகுந்த தண்ணீர் ஷூமேல் ஒட்டிய லைனிங்கை (உராய்ந்து நிறுத்தும் பட்டையை) நனைத்துவிட்டு அங்கேயே இருக்கும். ஓடையைவிட்டு ஏறியதும் லீவரை லேசாகப் பிடித்தபடியே ஓட்டி, அந்தச் சூட்டில் காய வைக்க வேண்டும். அடுத்த இறக்கம் கரையிலேயே ஆரம்பித்தால் அதற்கும் நேரமில்லை.

லைனிங் ஒட்ட ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். வாரக்கணக்கில் காக்க வைத்தார்கள். திரும்பி வந்த ஷூக்களில் லைனிங்கின் நுனி மட்டும்தான் டிரம்மைத் தொட்டது, நடுவில் தடமே இல்லை. கேட்டதற்கு, ஓட்ட ஓட்டத் தேய்ந்து பொருந்திவிடும் என்று பதில். சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு அது சரி. நடை வேகத்தில் போகும் வண்டியில் எந்தக் காலத்தில் தேய்ந்து பொருந்துவது? அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

செய்ய வேண்டிய முறை வேறு. ஸ்போக் கட்டிய சக்கரத்தை அப்படியே லேத்தில் ஏற்றி டிரம்மைக் கடைய வேண்டும். ஸ்போக்குகளின் இழுவையில் ஹப் சற்றே வட்டம் தவறியிருக்கும் என்பதால் ஹப்பை மட்டும் தனியாகக் கடைந்து பயனில்லை. பிறகு ஷூக்களை அவை உட்காரும் பிரேக் பிளேட்டிலேயே பொருத்தி, டிரம்மின் புது விட்டத்துக்குக் கடைய வேண்டும். லைனிங் மென்மையான ரகமாக இருக்கட்டும். இழுத்தால் உறை சுருங்காத நல்ல கேபிள் வேண்டும். பிரேக் பிடிக்கும் நிலையில் கேபிளும் அது இழுக்கும் பிரேக் ஆர்மும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, ஆக்சிலைத் தளர்த்தி, லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டே மறுபடி முறுக்கினால் பிளேட் டிரம்மின் நடுவுக்கு வந்து உட்காரும். காசு செலவில்லாத வேலை, வித்தியாசம் உடனே கையில் தெரியும். நண்பர் எந்த வண்டி வாங்கினாலும் முதல் நாளே இதைச் செய்துவிடட்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தால் காய்ந்த நாளில் இரண்டு விரலில் வேலை நடக்கிறது. ஓடையைத் தாண்டியதும் பழைய கதைதான். டிஸ்க் மாட்டிவிடலாமே என்றால், ட்வின்ஷாக் பிரிவில் பல போட்டிகளின் விதியே டிரம் பிரேக், காற்றில் குளிரும் இன்ஜின், பின்னால் இரண்டு ஷாக் என்பதுதான். டிஸ்க் மாட்டினால் அந்தப் பிரிவில் நமக்கு இடமில்லை.

இதற்காக புல்டாகோவைக் குறை சொன்னால் அநியாயம். 1964இல் டிரயல்ஸ் வீரர் சாமி மில்லர் பார்சிலோனாவுக்குப் போய் இந்த வண்டியை உருவாக்கியபோது எல்லா டிரயல்ஸ் வண்டியிலும் டிரம்தான். 500 சி.சி. ஏரியல் ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஜெயித்துக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு இந்த 244 சி.சி. டூ ஸ்ட்ரோக்குக்கு வந்தார். 1965 ஸ்காட்டிஷ் ஆறு நாள் போட்டியை அதில் வென்றார். வெளிநாட்டு வண்டி ஒன்று அங்கே ஜெயித்தது அதுவே முதல் தடவை. உலக சாம்பியன் பட்டம் 1975இல் தொடங்கியபோது மார்ட்டின் லாம்ப்கின், அடுத்த மூன்று வருடமும் வெஸ்டரினன், 1979இல் பெர்னி ஷ்ரைபர் என்று ஐந்து வருடமும் புல்டாகோதான். அவர்களுக்குப் போதுமாயிருந்த பிரேக் உனக்குப் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். அவர்களோடு போட்டியிட்டவர்களிடமும் டிரம்தான் இருந்தது, செக்‌ஷன்களையும் அந்த வண்டிகளை மனதில் வைத்துத்தான் போட்டார்கள். இன்றைக்கு ஒரே நாளில், பல இடங்களில் ஒரே இறக்கத்தில், டிஸ்க் மாட்டிய நவீன வண்டிகளும் நம்மோடு வருகின்றன.

இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கனமான ஃப்ளைவீல், மெதுவான சுழற்சி. மழையில் ஊறிய மண் ஏற்றத்தில், மரவேர்கள் குறுக்கே ஓடும் இடத்தில், இரண்டாம் கியரில் திராட்டிலைத் தொட்டும் தொடாமலும் விட்டால் போதும். பின் டயரில் காற்று 4 பி.எஸ்.ஐ. அளவில்தான் வைத்திருப்போம், அது வேர்மேல் படிந்து படிந்து ஏறும். இனி அவ்வளவுதான், சக்கரம் சுழலப் போகிறது என்று நான் கைவிடும் இடத்தில்கூட, இன்ஜினின் அடுத்த வெடிப்பில் வண்டி ஒரு பிடியைத் தேடி எடுத்துக்கொண்டு மேலே போகிறது. கிளட்ச்சைத் தொடவே தேவையில்லை. நவீன வண்டியில் அந்த ஏற்றத்தை இன்னும் சுலபமாக ஏறியிருக்கிறேன், இந்தச் சந்தோஷம் அதில் இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு ஏற்றத்திலும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

மற்றவை சின்ன விஷயங்கள். கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில், சீக்கிரம் பழகிவிடும். பழைய ஷாக்குகளைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது மேல், இன்றும் செய்து விற்கிறார்கள். ஃபைபர்கிளாஸ் டேங்க் உள்ள பழைய வண்டி என்றால் எச்சரிக்கை வேண்டும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது, எத்தனால் ஃபைபர்கிளாஸில் உள்ள பிசினை அரித்துவிடும்.

சரி, நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அவர் டிஸ்க் வண்டியில் பழகியவர், வார இறுதியில் ஓட்ட நினைப்பவர். இறங்கிய விலையை லேத் வேலையும் லைனிங்கும் கேபிளும் ஷாக்கும் தின்றுவிடும். இன்ஜினை அவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். சக்கரம் மேசைமேல் கிடக்கும் இந்த வாரத்தில் வேறு பதில் என்னிடம் இல்லை.

அப்படியும் வாங்கித்தான் ஆவேன் என்றால், பார்க்கப் போகும்போது இன்ஜின் சத்தத்தில் மயங்கிவிட வேண்டாம். வண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தி, முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு லீவரை மெல்ல இழுக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்துப் பிடித்து விட்டால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது. லேத் கூலி எவ்வளவு என்று முன்பே விசாரித்து வைத்துக்கொண்டு, அதையும் விலையில் கழிக்கச் சொல்லட்டும்.