தகரக் கூரைமேல் வி-டைபோல்: மலையகத்தில் மீட்டியோர் செய்மதிப் படங்கள்

வானிலைப் படங்களை ரேடியோ அலையில் அனுப்பிவந்த அமெரிக்கச் செய்மதிகள் நோவா 15, 18, 19 மூன்றும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன. அவை ஒலிபரப்பிய 137 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் இப்போது கைகொடுப்பவை ரஷ்யாவின் மீட்டியோர்-எம் என்2-3, என்2-4 செய்மதிகள்தான். என்2-3இன் அன்டெனா விண்வெளியில் முழுதாக விரியவில்லை, சிக்னல் ஏறி இறங்கும். அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் என்2-4ஐப் பிடித்துப் பழகுவதே நல்லது. அலைவரிசை 137.9 அல்லது 137.1, இரண்டையும் பாருங்கள்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு அடிவானமே தெரியாது. செய்மதி 20 பாகை ஏறும்வரை மலை மறைத்துக்கொள்ளும். அடிவானச் சிக்னலுக்காகச் சுருள் அன்டெனா கட்டி மெனக்கெட வேண்டாம், இரண்டு கம்பிகளை V வடிவில் வைக்கும் வி-டைபோல் அன்டெனாவே போதும். செய்மதி தலைக்கு மேலாகப் போனால், 20 பாகைக்கு மேல் கிடைக்கும் ஏழரை நிமிடத்திலேயே ஏறத்தாழ 3000 கிலோமீற்றர் நீளப் படம் வந்துவிடும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் சுழல்வதை நம் கூரையிலிருந்தே பார்ப்பது அத்தனை அழகு!

53.4 சென்ரிமீற்றர் அலுமினியக் கம்பிகள் இரண்டு, இடையே 120 பாகை, கிடையாக, விரிந்த பக்கம் வடக்கே அல்லது தெற்கே. முக்கியமானது உயரம். தகரத்திலிருந்து 55 சென்ரிமீற்றரில், அதாவது கால் அலைநீளத்தில் வைத்தால், உச்சியிலிருந்து வருவதும் தகரத்தில் பட்டுத் திரும்புவதும் ஒன்றுசேர்ந்து வலுக்கும். 1.1 மீற்றருக்கு உயர்த்தினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். செய்மதி தலைக்கு நேரே வரும்போதுதான் படத்தில் கறுப்புப் பட்டை விழும். உயர உயர நல்லது என்ற டிவி அன்டெனாப் பழக்கம் இங்கே உதவாது.

கேபிளுக்கு டிஷ் அன்டெனாவின் ஆர்ஜி-6 போதும். அது 75 ஓம் என்பதால் 50 ஓம் ரேடியோவோடு பொருந்தாமல் வரும் இழப்பு, 50 ஓம் கேபிளான ஆர்ஜி-58 10 மீற்றரில் விழுங்குவதைவிடக் குறைவு. மலையுச்சிக் கோபுரங்களின் எஃப்எம் ஒலிபரப்பு, கணினியில் செருகும் சிறு ரேடியோவான ஆர்டிஎல்-எஸ்டிஆரைத் திணறடிக்கும்; 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை தடுக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும், அதுவும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால். சிக்னலைப் படமாக்கும் சாட்டம்ப் மென்பொருளில் கெயினை (சிக்னல் பெருக்கத்தை) ஒரேயடியாக ஏற்றாதீர்கள், எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். மலிவான எல்ஈடி மின்குமிழும் மடிகணினி சார்ஜரும் இரைச்சல் கிளப்பும், பட்டரியில் ஓட்டுங்கள்.

நாள்பட உழைப்பதற்கு எதிரி மூடுபனிதான். கேபிள் இரு கம்பிகளுக்கும் பிரியும் இடத்தில் ஈரம் புகுந்து கேபிளின் கம்பிப் பின்னல் வழியாகவே உள்ளே ஊறும், செம்பு பச்சை பூக்கும். வினாகிரி வாடை அடிக்கும் சிலிக்கோன் செம்பை அரிக்கும், வாடையில்லாததைப் பூசுங்கள். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்காமல், இடையில் கறல் பிடிக்காத ஸ்டீல் வாஷர் போடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களின் பின்னேர இடிமழைக்கு முன் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.