எந்த ஜாயின்ட்டுக்கு எந்த கிரீஸ்: பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு தெரிவது

கிரீஸின் தரம் புது டப்பாவைத் திறக்கும்போது தெரியாது, பழைய ஜாயின்ட்டைக் கழற்றும்போதுதான் தெரியும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலிருந்து (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) கழற்றிய கிராஸின், அதாவது சிலுவை வடிவ ஜாயின்ட்டின், நான்கு கப்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் மூன்றில் கிரீஸ் பழுப்பாக, வழவழப்பாகவே இருக்கும். நான்காவதில் செங்கல் பொடி போல சிவந்த தூள். அந்தப் பக்கத்துத் தண்டில் ஊசி உருளைகள் பதிந்த கோடுகள் நகத்தில் தட்டுப்படும். கியர் போட்டதும் கேட்ட 'டங்' சத்தம் இங்கிருந்துதான்.

இதற்குக் காரணம் மட்டமான கிரீஸ் அல்ல, அடித்த விதம். கிரீஸ் எதிர்ப்பு குறைவான வழியில்தான் ஓடும். மூன்று கப்புகளின் சீல்களில் பிதுங்கியதும் கிரீஸ் கன்னை எடுத்துவிட்டால் நான்காவது பட்டினி. நான்கிலும் பழைய கருப்பு கிரீஸ் வெளியேறி, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் அடம்பிடித்தால், அழுத்தம் கொடுத்தபடியே ஷாஃப்ட்டை இடவலமாக அசைத்துப் பாருங்கள். அதற்கும் வழிவிடாவிட்டால் அந்தக் கப்பின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி அடித்து, மறுபடி முறையாக இறுக்குங்கள். கை கன்தான் நல்லது, காற்றழுத்தக் கன்னில் கை உணர்வே கிடைக்காது.

கிராஸுக்கு ஏற்றது லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ் (கிரீஸைக் கெட்டியாக்கும் பொருளை வைத்து வரும் பெயர்கள்), ஈ.பி. எனப்படும் அதிக அழுத்தம் தாங்கும் மருந்து சேர்த்தது, கெட்டித்தன்மையில் என்.எல்.ஜி.ஐ. 2. உறைகுளிரில் ஓடும் வண்டிக்கு 1. அதே ஷாஃப்ட்டின் வழுக்கும் ஸ்ப்லைனில் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும், நீளவாக்கில் பல் வெட்டிய பகுதி) உருளல் கிடையாது, உரசல் மட்டும்தான். அங்கே மாலிப்டினம் டைசல்ஃபைடு, பட்டறை மொழியில் 'மாலி', கலந்த கிரீஸ் கண்கூடாக நன்மை செய்கிறது. ஸ்ப்லைன் முனை மூடியில் சிறு துளை இருந்தால், அதில் கிரீஸ் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். துளையை விரலால் அடைத்து, மறுமுனை சீலில் எட்டிப் பார்க்கும்வரை தொடருங்கள். இதைச் செய்பவர்கள் குறைவு. ஸ்ப்லைனின் பின்பாதி காய்ந்து தேய்வதற்கு இதைச் செய்யாததே முக்கியக் காரணம்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளின் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைச் சீராகக் கடத்துவது) வேறு ஜாதி. சக்கரப் பக்கத்து ஜாயின்ட்டில் குண்டுகள் பள்ளங்களில் உருள்வதோடு வழுக்கவும் செய்யும், அதனால் மாலி கிரீஸ் தேவை. கியர்பாக்ஸ் பக்கத்தில் பல வண்டிகளில் இருப்பது மூன்று உருளை கொண்ட ட்ரைபாட். அதற்கு வரும் கிரீஸ் பல நேரம் பாலியூரியா வகை. பூட் (ஜாயின்ட்டை மூடும் மடிப்பு உறை) கிட்டில் இரண்டு நிறத்தில் இரண்டு பொட்டலம் இருந்தால் தயவுசெய்து மாற்றிப் போட வேண்டாம். நடுத்தரக் காரின் ஒரு ஜாயின்ட்டுக்கு ஏறக்குறைய 80 முதல் 120 கிராம் ஆகும். பொட்டலம் முழுவதையும் போடுங்கள்: முதலில் குண்டுகளுக்கு இடையே அழுத்தி, மிச்சத்தை பூட்டுக்குள். ஜாயின்ட்டைக் கழுவப் பயன்படுத்திய பெட்ரோலோ மண்ணெண்ணெயோ முழுதாகக் காயாவிட்டால் புது கிரீஸ் கரைந்து கூழாகும். கிளாம்ப் இறுக்கும் முன் பூட்டுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூட் உப்பியோ சப்பியோ நிற்கும்.

பூட் கிழிந்து மண் புகுந்த ஜாயின்ட்டில் கிரீஸ் அரைக்கும் பசையாகிவிடுகிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'டக் டக்' கேட்க ஆரம்பித்துவிட்டால் பள்ளம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. எவ்வளவு உயர்ந்த கிரீஸாலும் அதை மீட்க முடியாது, சத்தம் சில நாள் அடங்கும், அவ்வளவுதான்.

வீல் பேரிங்கில் நடக்கும் தவறு நேர் எதிர், அளவுக்கு மீறித் திணிப்பது. டேப்பர் பேரிங்கின் அகன்ற பக்கத்தை உள்ளங்கை கிரீஸில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு இடையே மறுபக்கம் பிதுங்கும்வரை நிரப்ப வேண்டும். ஆனால் ஹப்பின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். முழுக்க அடைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடாகும், சீல் விலகும், கடைசியில் பிரேக் ட்ரம்மில் போய் ஒட்டும். இங்கே டப்பாவில் ஜி.சி-எல்.பி. முத்திரை உள்ள லித்தியம் காம்ப்ளெக்ஸ் போதும். ஜி.சி. வீல் பேரிங்குக்கு, எல்.பி. சேஸிஸுக்கு.

டப்பாவில் உள்ள எண்களில் இரண்டைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். என்.எல்.ஜி.ஐ. என்பது தரமல்ல, கெட்டித்தன்மை மட்டுமே. 25 டிகிரியில் ஒரு கூம்பு கிரீஸுக்குள் எத்தனை பத்தில் ஒரு மில்லிமீட்டர் இறங்குகிறது என்ற அளவு அது. 265 முதல் 295 வரை என்றால் எண் 2. அடுத்தது சொட்டுநிலை, கிரீஸ் இளகிச் சொட்டத் தொடங்கும் வெப்பநிலை. சாதா லித்தியத்துக்கு 190 டிகிரியை ஒட்டி இருக்கும், அதற்காக 190-இல் ஓட்டலாம் என்று பொருளில்லை. தொடர்ந்து தாங்குவது 120, 130 அளவில்தான். காம்ப்ளெக்ஸின் சொட்டுநிலை 260-ஐ ஒட்டியது என்பதால் டிஸ்க் பிரேக்கை ஒட்டிய வீல் பேரிங்கின் சூட்டுக்கு அது பொருந்துகிறது. நிறமோ வெறும் சாயம், நீலமும் சிவப்பும் எதையும் சொல்வதில்லை.

எது சேரும், எது சேராது என்பதில் அலட்சியம் கூடாது. லித்தியமும் லித்தியம் காம்ப்ளெக்ஸும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பாலியூரியாவோ களிமண் வகையோ லித்தியத்தோடு கலந்தால் இளகி ஒழுகலாம், சில நேரம் இறுகியும் போகும். சந்தேகம் இருந்தால் இரண்டையும் சரிபாதி குழைத்து, வெயிலில் ஒரு நாள் வையுங்கள். தனித்தனியாக இருந்ததைவிட இளகினாலோ, எண்ணெய் பிரிந்து நின்றாலோ, பழையதை முழுக்கக் கழுவாமல் புதியதைப் போடக் கூடாது.

அடிக்கடி தண்ணீரில் இறங்கும் வண்டிக்குக் கால்சியம் சல்ஃபோனேட் வகை நன்றாக நிற்கிறது. கழற்றிய கிரீஸ் காபி போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. எந்த கிரீஸ் போட்டிருந்தாலும் அன்றே புதிதாக அடித்துப் பழையதை வெளியேற்றுங்கள்.

பிரேக் காலிப்பர் பின்னுக்கு (காலிப்பர் முன்பின் வழுக்கும் தண்டு) மட்டும் மேலே சொன்ன எதுவும் ஆகாது. அங்குள்ள ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை வகை, மினரல் எண்ணெய் பட்டால் உப்பிவிடும். பின் சிக்கிக்கொள்ளும், ஒரு பக்க பேட் மட்டும் தேயும். பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸைத்தான் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். அதே சிலிக்கோனை சி.வி. ஜாயின்ட்டில் போடுவது வீண், எஃகு மேல் எஃகு அழுத்தும் பாரத்தை அது தாங்காது.

'ஒரு நிப்பிளுக்கு எத்தனை அடி', அதாவது கிரீஸ் ஏற்றும் சிறு முனையில் கன்னின் கைப்பிடியை எத்தனை முறை அழுத்துவது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது, கன்னுக்குக் கன் மாறும். பத்து அடி ஒரு தராசில் அடித்து எடை பாருங்கள், பத்தால் வகுத்தால் உங்கள் கன்னின் கணக்கு வந்துவிடும். பலவற்றில் ஓர் அடி சுமார் 1 கிராம். அடிக்கும் முன் நிப்பிள் தலையைத் துணியால் துடைக்க மறந்தால் முதல் அடியில் உள்ளே போவது மண்தான்.